நெல் கொள்வனவுக் கணக்குக்கு எந்தத் தரவுத்தளம்?

கேள்வி:

அண்ணா, கிளிநொச்சியில் எங்கள் மாமா அரிசி ஆலை வைத்திருக்கிறார். கணக்கும் கணினி வேலையும் நான்தான் பார்க்கிறேன். ஆலையைத் தவிர மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு ஆகிய மூன்று இடங்களிலும் நெல் எடுக்கிறோம். விதைப்புக் காலத்தில் விதைநெல், பசளை, கிருமிநாசினி எல்லாம் கடனுக்குக் கொடுத்து, அறுவடையில் நெல்லாகக் கழிக்கிறோம். ஏறக்குறைய 3,000 விவசாயிகள். இதுவரை கொப்பியும் எக்செலும்தான். இப்போது மென்பொருள் செய்ய ஒரு தம்பியைப் பிடித்திருக்கிறோம். அவர் மொங்கோடிபி என்கிறார். அவருடைய நண்பர் ஃபயர்ஸ்டோர் என்கிறார். கனடாவில் இருக்கும் மச்சான், டைனமோடிபியோ கசாண்ட்ராவோ எடுக்காவிட்டால் நாளைக்குத் தொழில் வளரும்போது எல்லாம் முறிந்துவிடும் என்று பயமுறுத்துகிறார். தரவை அட்டவணைகளாக வைக்கும் எஸ்கியூஎல் பழசு, அதை விடுங்கோ என்பதில் மட்டும் மூவரும் ஒற்றுமை. எதை எடுக்கலாம்? மாதம் எவ்வளவு போகும்? மல்லாவிப் பக்கம் லைன் வந்தும் வராமலும் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

— வாசகி, கிளிநொச்சி

பதில்:

தங்கச்சி, மல்லாவி லைனைப் பற்றிப் போகிற போக்கில் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் தெரிவை அந்த வரியில் இருந்துதான் தொடங்க வேண்டும். தராசடியில் நிற்கிற பையனின் போனில் சிக்னல் இல்லாத நேரத்தில் ஒரு உழவு இயந்திரம் பெட்டி நிறைய நெல்லோடு வந்து நிற்கும். லைன் வரட்டும், பொறுங்கோ அண்ணை என்று அவரிடம் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் பதிவு எங்கே எழுதப்படுகிறது, பிறகு எப்படி ஆலைக்கு வந்து சேர்கிறது, வரும் வழியில் இரண்டு பதிவுகள் முட்டிக்கொண்டால் என்ன நடக்கும்? உங்களுக்குச் சொல்லப்பட்ட நான்கு பெயர்களையும் இந்தக் கேள்வியில் வைத்துப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தராசடிப் பதிவுகளுக்கு உங்கள் பட்டியலில் இல்லாத ஐந்தாவது ஒன்று: கௌச்டிபி, போனில் அதன் துணையாகப் பௌச்டிபி. பணக் கணக்குக்கு, மூவரும் பழசு என்று தள்ளிய பக்கத்தில் இருந்து போஸ்ட்கிரெஸ். உங்கள் தம்பிக்கு ஒரு சேவரை, அதாவது எல்லாப் பதிவும் வந்து சேரும் மையக் கணினியை, தனியாகக் கட்டிக் காக்கப் பழக்கமில்லை என்றால் கௌச்டிபியின் இடத்தில் கூகுள் தானே பராமரிக்கும் ஃபயர்ஸ்டோர். அது எனக்கு இரண்டாவது தெரிவு. மொங்கோடிபி நல்ல சரக்குத்தான், ஆனால் உங்கள் பிரச்சினை அதனால் தீராது. மச்சான் சொன்ன இரண்டும் வேண்டாம்.

மச்சானுடையதைச் சுருக்கமாக முடித்துவிடுவோம். கசாண்ட்ரா, ஃபேஸ்புக்கில் கோடிக்கணக்கான பேரின் தகவல் பெட்டிகளுக்குள் தேடுவதற்காகச் செய்யப்பட்டு 2008இல் வெளியே விடப்பட்டது. டைனமோடிபியின் மூலக் கருத்து, அமேசன் தன் வாடிக்கையாளரின் கொள்வனவுக் கூடை எந்த நிலையிலும் விழக்கூடாது என்று யோசித்து 2007இல் எழுதிய கட்டுரையில் இருந்து வருகிறது. இரண்டும் ஒரு கணினியில் அடங்காத பாரத்தைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப் பிறந்தவை. உங்கள் பாரம் எவ்வளவு? ஒரு விவசாயி ஒரு போகத்தில் நெல் ரசீதும் கடன் துண்டுமாகப் பத்துத் தரம் வந்தாலும் 30,000 பதிவு. ஒன்று 3 கிலோபைட் என்று தாராளமாக வைத்தாலும் 90 மெகாபைட். கல்யாண வீட்டு வீடியோவின் ஒரு துண்டு அதைவிடப் பெரிது. ஆலை பத்து மடங்கு வளர்ந்தாலும் ஒரு நடுத்தரக் கணினி அசையாமல் தாங்கும்.

அதைவிட முக்கியம், கசாண்ட்ராவில் எந்தக் கேள்வி கேட்பீர்கள் என்பதை முதலில் தீர்மானித்து, அந்தக் கேள்விக்கென்றே அட்டவணை கட்ட வேண்டும். டைனமோடிபியும் ஏறக்குறைய அப்படித்தான். மாமா ஒருநாள், “காலபோகத்தில் மொட்டைக்கறுப்பன் நெல் தந்தவர்களில் இன்னும் 25,000 ரூபாவுக்கு மேல் கடன் வைத்திருக்கிறவர்கள் யார் யார்?” என்று கேட்பார். அடுத்த கிழமை, “அதில் மல்லாவி ஆட்களை மட்டும் எடு” என்பார். முதலாளிமார் கேட்கும் கேள்விகளை முன்கூட்டியே எழுதிவைக்க யாராலும் முடியாது.

இனி மொங்கோடிபி. உங்கள் தம்பி அதைச் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. 2009இல் வந்த இது, தரவை நிரல் நிரையாகப் பிரிக்காமல் ஒரு முழு ஆவணமாக வைத்துக்கொள்ளும். உங்கள் தொழிலில் அது எங்கே பொருந்தும் என்பதற்கு ஒரு நெல் ரசீதை எடுப்போம். விவசாயி இலக்கம், நெல்லின் இனம், ஈரப்பதம், 42 மூட்டைகளின் தனித்தனி நிறை, சாக்குக் கழிவு, ஈரம் 14 வீதத்துக்கு மேல் என்பதால் குறைத்த விலை, ஓரத்தில் “மழையில் நனைந்தது, திரும்பக் காயவிட்டது” என்று ஒரு குறிப்பு. இவை எல்லாம் ஒரே நேரத்தில் பிறக்கின்றன, ஒன்றாகவே வாசிக்கப்படுகின்றன, கையெழுத்து வைத்த பிறகு மாறுவதில்லை. இப்படிப்பட்ட ஒன்றை நாலைந்து அட்டவணைகளில் வெட்டிப் போட்டு, தேவைப்படும்போதெல்லாம் ஒட்டவைப்பதில் லாபமில்லை. ஒரு ரசீது, ஒரு ஆவணம்.

ஆவண முறையின் இன்னொரு நன்மை, புலங்கள் மாறுவதைத் தாங்குவது. 2021ஐ நினைத்துப் பாருங்கள். மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி நின்றது, நவம்பரில் திரும்பத் திறந்தார்கள். அந்த ஒரு போகத்துக்குள் கடன் கொப்பிகளில் யூரியா இருந்த இடத்தில் சேதனப் பசளை வந்தது, திரவப் பசளை வந்தது, அளவுகள் மூட்டையில் இருந்து லீற்றருக்கு மாறின. காணி விபரமும் அப்படித்தான். வன்னியில் ஒருவரிடம் உறுதிக் காணி, இன்னொருவரிடம் பேர்மிட் காணி, மூன்றாமவர் குத்தகைக்குச் செய்கிறார், நாலாமவரின் பேர்மிட் இன்னும் செத்துப்போன தகப்பன் பெயரில். ஒவ்வொருவருக்கும் எழுதவேண்டிய விபரம் வேறு. இதை ஒரே அச்சுப் படிவத்தில் அடைக்கப் போனால் பாதிக் கட்டங்கள் வெறுமையாகக் கிடக்கும்.

சரி, பிறகு ஏன் மொங்கோடிபி வேண்டாம் என்கிறேன்? லைன் இல்லாதபோது போனில் எழுதி, வந்தபிறகு தானாக ஒத்திசைக்கும் வசதியை அந்த நிறுவனம் முன்பு தந்தது. 2024 செப்டெம்பரில் அதைக் கைவிடுவதாக அறிவித்து, 2025 செப்டெம்பர் 30உடன் நிறுத்திவிட்டது. இணையத்தில் கிடக்கும் பழைய பாட வீடியோக்களைப் பார்த்துத் தம்பி அதை நம்பியிருக்கலாம், கேட்டுப் பாருங்கள். இப்போது அந்த வேலையை மொங்கோடிபியோடு சேர்த்துச் செய்ய வேண்டுமானால் அவர் தானே எழுத வேண்டும், அல்லது வேறொருவரின் கருவியை இடையில் வைக்க வேண்டும். ஒத்திசைவு என்பது கேட்க எளிது. எழுதி முடித்தேன் என்று சொல்லிப் பணம் வாங்கிப் போனபிறகு ஒவ்வொரு போகத்திலும் புதிதாக ஒரு ஓட்டை தெரியும். அதற்கென்றே வருடக்கணக்காகச் செய்யப்பட்ட ஒன்று இருக்கும்போது சின்ன ஆலை ஒன்று அதற்குச் செலவழிக்கக்கூடாது.

இதற்குப் பிறகும் மொங்கோடிபிதான் என்று தம்பி நின்றால் மூன்று விடயங்களைக் கட்டாயம் கேளுங்கள். முதலாவது, விவசாயியின் ஆவணத்துக்குள்ளேயே அவருடைய எல்லாக் கொடுக்கல் வாங்கலையும் அடுக்கிக்கொண்டே போகும் வடிவமைப்பா என்று. புதிதாக ஆவண முறைக்கு வருபவர்கள் அதைத்தான் முதலில் செய்வார்கள், ஏனெனில் பார்க்க அழகாக இருக்கும். ஒரு ஆவணத்துக்கு 16 மெகாபைட் எல்லை உண்டு. நீங்கள் அதைத் தொடமாட்டீர்கள், ஆனால் பத்து வருடக் கணக்கைச் சுமக்கும் ஆவணத்தை ஒரு போன் இலக்கத்தைத் திருத்துவதற்காகத் திறப்பது வீண். 42 மூட்டை என்பது முடிவுள்ள பட்டியல், அது உள்ளே இருக்கலாம். கொடுக்கல் வாங்கல் முடிவில்லாதது, அது வெளியே. இரண்டாவது, ரூபாவைச் சாதாரண தசம எண்ணாகச் சேமிக்கக்கூடாது. கணினிக்குள் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது, சதங்கள் கசியும். சதத்தில் முழு எண்ணாக வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதற்கென்று உள்ள தசம வகையைப் பாவிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது, கடவுச்சொல். 2017 ஜனவரியில் பூட்டில்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மொங்கோடிபி தளங்களை யாரோ அழித்துவிட்டு, பிட்கொயின் தந்தால் திருப்பித் தருகிறோம் என்று குறிப்பு வைத்துப் போனார்கள். குறை மென்பொருளில் இல்லை. நிறுவியவர்கள் கதவைப் பூட்டவில்லை.

இனித்தான் உங்கள் தொழிலின் மையமான இடம். எந்தத் தளத்தை எடுத்தாலும் இது சரியில்லை என்றால் எல்லாம் வீண், அதனால் கொஞ்சம் நின்று வாசியுங்கள்.

ஒரு விவசாயிக்கு 60,000 ரூபா கடன் இருக்கிறது என்று வைப்போம். அவருடைய ஆவணத்தில் “நிலுவை: 60,000” என்று எழுதியிருக்கிறது. காலையில் அவர் மல்லாவியில் நெல் போடுகிறார். அங்கே லைன் இல்லை. பையன் 20,000 ரூபாவைக் கழித்து, போனில் நிலுவையை 40,000 என்று மாற்றுகிறான். அதே காலையில் அவருடைய மகன் கிளிநொச்சிக் கடையில் 15,000 ரூபாவுக்குப் பசளை எடுக்கிறார். கடையில் இருக்கும் கணினிக்கு மல்லாவியில் நடந்தது தெரியாது. அது 60,000ஐ 75,000 ஆக்குகிறது. மத்தியானம் மல்லாவிப் போனுக்குச் சிக்னல் வருகிறது. இப்போது எது நிற்கும்? ஃபயர்ஸ்டோரில் கடைசியாக வந்து சேர்ந்தது நிற்கும், அதாவது 40,000. பசளைக் கணக்குச் சத்தமில்லாமல் போய்விடும். கௌச்டிபியில் இரண்டில் ஒன்று வென்றதாக வைக்கப்படும், தோற்றது அழியாமல் பக்கத்தில் முரண்பாடாகக் கிடக்கும், நிரல் எழுதியவர் அதைத் தேடிப் பார்த்துத் தீர்க்க வேண்டும். இரண்டிலும் 55,000 என்ற சரியான விடை தானாக வராது. 40,000உம் பிழை, 75,000உம் பிழை.

அதனால் நிலுவை என்ற ஒன்றை எங்கேயும் எழுதி வைக்கக்கூடாது. நடந்த ஒவ்வொன்றும் தனித்தனி ஆவணம்: “மல்லாவியில் நெல்லுக்காக 20,000 கழிவு” ஒன்று, “கடையில் பசளை 15,000” இன்னொன்று. இரண்டும் வேறு வேறு ஆவணங்கள் என்பதால் முட்டிக்கொள்ள வழியில்லை, எது முதலில் வந்தாலும் கூட்டினால் 55,000தான். உங்கள் கொப்பியும் இதைத்தான் செய்கிறது. கொப்பியில் யாரும் பழைய தொகையை அழித்துப் புதுத் தொகை எழுதுவதில்லையே, அடுத்த வரியில் எழுதுகிறோம். ஃபயர்ஸ்டோரில் “இவ்வளவைக் கூட்டு, இவ்வளவைக் கழி” என்று கட்டளையாக அனுப்பும் வசதி உண்டு, அதனால் தொகை சரியாக வரும் என்று தம்பியின் நண்பர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் ஆறு மாதம் கழித்து விவசாயி வந்து, “இது எப்படி 55,000 ஆனது?” என்று கேட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

இதே வழியில் இன்னும் சில. ஒவ்வொரு ஆவணத்தின் இலக்கத்தையும் போனே அந்த இடத்தில் உண்டாக்க வேண்டும்: நிலையத்தின் குறி, போனின் குறி, திகதி, தொடர் இலக்கம். அப்போது சிக்னல் அறுந்து அறுந்து ஒரே ரசீது இரண்டு தரம் அனுப்பப்பட்டாலும் சேவரில் ஒன்றுதான் இருக்கும். பிழையாக எழுதியதை அழிக்கவோ மாற்றவோ விடாதீர்கள். அதை நீக்கும் மறுபதிவு ஒன்றைப் போடச் சொல்லுங்கள். போனின் மணிக்கூட்டை நம்பாதீர்கள். போன் சொன்ன நேரம், சேவருக்கு வந்து சேர்ந்த நேரம் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் எந்தத் தரவுத்தளத்தாலும் முடியாது. லைன் இல்லாத மல்லாவியில் ஒருவர் வந்து கடனுக்குப் பசளை கேட்கிறார். போனில் தெரிவது நேற்று மாலை நிலவரம். கொடுக்கலாமா? இதை மாமாதான் முடிவு செய்ய வேண்டும். லைன் இல்லாதபோது இவ்வளவு ரூபாவுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று ஒரு வரம்பு வைக்கலாம், அல்லது கடன் கொடுப்பது கிளிநொச்சிக் கடையில் மட்டும் என்று வைக்கலாம். தம்பி இதைத் தானாக ஊகித்து நிரலில் எழுதிவிட்டால் பிறகு சண்டைதான் வரும்.

கௌச்டிபியா ஃபயர்ஸ்டோரா என்பதற்கு வருவோம். இரண்டும் லைன் இல்லாத வேலைக்குப் பொருந்தும். கௌச்டிபியின் உயிரே பிரதி எடுப்பதுதான்: போனில் இருப்பதும் முழுத் தரவுத்தளம், சேவரில் இருப்பதும் முழுத் தரவுத்தளம், சந்திக்கும்போது வித்தியாசத்தைப் பரிமாறிக்கொள்ளும். கென்யா, உகண்டா, நேபாளம் போன்ற நாடுகளில் கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்கள் பாவிக்கும் கம்யூனிட்டி ஹெல்த் டூல்கிட் என்ற திறந்த மூல மென்பொருள் கௌச்டிபியையும் பௌச்டிபியையும் வைத்துத்தான் கட்டப்பட்டது. அவர்களுடைய சிக்னல் நிலவரம் உங்கள் மல்லாவியைவிட மோசம். இரண்டும் இலவசம், உரிமக் கட்டணம் இல்லை.

குறைகளும் உண்டு. கௌச்டிபியில் தேடுவது சிரமம். சிக்கலான அறிக்கை எடுக்கப் போனால் மண்டை காயும். ஒரு தளத்துக்குள் நுழைய அனுமதி உள்ளவருக்கு அதில் உள்ள எல்லா ஆவணங்களையும் வாசிக்கலாம், ஆவணம் ஆவணமாக மறைக்க முடியாது. அதனால் நிலையத்துக்கு ஒரு தளம் என்று பிரித்து, ஆலையில் ஒன்றுசேர்க்க வேண்டும். இது ஒருவகையில் நல்லது, புதுக்குடியிருப்புப் பையனின் போனில் மாங்குளத்து ஆட்களின் கடன் இருக்கத் தேவையில்லை. பௌச்டிபி உலாவிக்குள் ஓடினால், போனில் இடம் குறையும்போது உலாவி தரவை அழிக்கக்கூடும். நிரந்தரமாக வைக்கும் அனுமதியைக் கேட்டு வாங்கும்படி தம்பியிடம் சொல்லுங்கள்.

ஃபயர்ஸ்டோரில் சேவர் வேலையே இல்லை, கூகுள் பார்த்துக்கொள்ளும். ஒரு ஆளை நம்பியிருக்கும் ஆலைக்கு அது சின்ன விடயம் அல்ல; தம்பி நாளைக்கு வெளிநாடு போய்விட்டால் யார் சேவரைப் பார்ப்பது? அதனால்தான் இரண்டாவது தெரிவு என்றாலும் அதைத் தள்ளவில்லை. ஆனால் அதன் கட்டணம் வாசிக்கும் ஆவணங்களின் எண்ணிக்கையில் ஏறும். நாளுக்கு 50,000 வாசிப்பு, 20,000 எழுத்து இலவசம். உங்கள் எழுத்து ஒருபோதும் அந்த எல்லைக்கு வராது, வாசிப்பு வந்துவிடும். முகப்புப் பக்கத்தைத் திறந்தவுடன் 3,000 விவசாயிகளின் பட்டியலையும் இழுக்கும்படி கவனமில்லாமல் எழுதினால், ஐந்து பேர் நாளுக்கு நாலு தரம் திறக்க 60,000 ஆகிவிடும். மேலும், ஒருவர் சேவரைப் பார்த்து உறுதிசெய்து எழுதும் பரிமாற்ற முறை அதில் லைன் இல்லாதபோது வேலை செய்யாது. அனுப்பப்படாத பதிவுகள் போனில் காத்திருக்கும்போது யாராவது செயலியை அழித்து மீண்டும் போட்டால் அவை போனதுதான். பச்சை, சிவப்பு என்று ஒரு குறி போட்டு, இன்னும் எத்தனை ரசீது அனுப்பப்படாமல் இருக்கிறது என்று பையனுக்குக் காட்டச் சொல்லுங்கள். இது கௌச்டிபிக்கும் பொருந்தும்.

இப்போது பணம். கூகுள், அமேசன், மொங்கோடிபி எல்லாருடைய பில்லும் டொலரில் வரும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. அந்த வருடம் பாவனை ஒரு துளியும் கூடாமலே பில் ரூபாவில் ஏறக்குறைய இரட்டிப்பானவர்கள் பலர். ஆகையால் பாவனைக்கு ஏற்ப ஏறி இறங்கும் கட்டணத்தைவிட, மாதம் இவ்வளவு என்று நிலையாக இருக்கும் வாடகைச் சேவர் உங்களுக்கு நிம்மதி. கௌச்டிபியும் போஸ்ட்கிரெஸும் ஒரே சேவரில் 4 ஜிபி நினைவகத்தோடு தாராளமாக ஓடும், பொதுவாக மாதம் 20, 30 டொலருக்குள் அடங்கிவிடும். சிங்கப்பூரிலோ மும்பாயிலோ உள்ள சேவராக எடுங்கள். ஆலைக்குள்ளேயே ஒரு கணினியைச் சேவராக வைத்தால் மிச்சம் என்று மாமா சொல்லக்கூடும். உமித்தூசும் கரண்ட் வெட்டும் உள்ள இடத்தில் அது முதன்மைச் சேவராக இருக்க வேண்டாம், இரண்டாவது பிரதியாக இருக்கட்டும். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததை நாம் மறக்கவில்லை.

போஸ்ட்கிரெஸை ஏன் இதற்குள் கொண்டுவருகிறேன் என்றால், மாமா கேட்கும் கேள்விகளுக்காக. கௌச்டிபிக்கு வந்து சேரும் ஒவ்வொரு புது ஆவணத்தையும் ஒரு சின்ன நிரல் எடுத்து, போஸ்ட்கிரெஸில் வரவு, செலவு என்று இரு பக்கமும் எழுத வேண்டும். நெல்லின் பெறுமதி, கடன் கழிவு, கையில் கொடுத்த காசு மூன்றும் ஒன்றாக ஏற வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் ஏறக்கூடாது. இந்த ஒழுக்கம்தான் போஸ்ட்கிரெஸ் போன்ற எஸ்கியூஎல் தரவுத்தளங்களின் பலம். எஸ்கியூஎல் பழசு என்பது சரிதான்; அதன் அடிப்படையைக் கணினி ஆய்வாளர் எட்கர் கொட் எழுதியது 1970இல். ஆனால் மொங்கோடிபியே, பல ஆவணங்களில் செய்யும் மாற்றங்கள் எல்லாம் ஒன்றாக ஏறும், இல்லாவிட்டால் ஒன்றும் ஏறாது என்ற பரிமாற்ற வசதியை 2018இல் சேர்த்துக்கொண்டது. வேண்டாம் என்று விட்டதை ஒன்பது வருடம் கழித்து ஏன் சேர்த்தார்கள் என்று மச்சானிடம் கேளுங்கள். மாறிக்கொண்டிருக்கும் காணி, பசளை விபரங்களுக்கும் போஸ்ட்கிரெஸில் இடம் உண்டு. 2014 இறுதியில் வந்த பதிப்பில் இருந்து ஆவணங்களை அப்படியே அட்டவணையின் ஒரு நிரலில் வைத்து அதற்குள் தேடவும் முடியும்.

லைன் பிரச்சினை மட்டும் இல்லாதிருந்தால், தங்கச்சி, நான் போஸ்ட்கிரெஸ் ஒன்றே போதும் என்று ஒரே வரியில் பதில் எழுதியிருப்பேன்.

தரவை ஏற்ற முன்னர் ஒரு துப்பரவு வேலை இருக்கிறது. எக்செலில் ஒரே ஆள் இரண்டு பெயரில் இருப்பார்: ஒரு இடத்தில் தலைப்பெழுத்தோடு, இன்னொரு இடத்தில் தகப்பன் பெயர் முழுதாக. அடையாள அட்டை இலக்கத்தால் பிரிக்கலாம் என்றால் அதுவும் இரண்டாக இருக்கும், பழைய அட்டையில் 9 எண்ணும் ஓர் எழுத்தும், 2016இல் இருந்து வரும் அட்டையில் 12 எண். பழையதைப் புதியதாக்க வழி உண்டு. எழுத்தை எடுத்துவிட்டு, முன்னால் 19 சேர்த்து, பழைய இலக்கத்தின் ஐந்தாவது எண்ணுக்குப் பின்னால் ஒரு 0 போட வேண்டும். 851234567 என்பது 198512304567 ஆகும். எல்லாவற்றையும் இப்படி மாற்றிவிட்டு ஒப்பிட்டால் இரட்டைகள் தானாக வெளியே வரும். ஆனால் அந்த இலக்கத்தை ஆவணத்தின் பெயராக வைக்காதீர்கள். ஆவணப் பெயர் சேவர்ப் பதிவேடுகளில் எல்லாம் போய் விழும், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. ஆலை தானே ஒரு விவசாயி இலக்கம் கொடுக்கட்டும்.

பிரதி இருக்கிறதே, பிறகு எதற்கு பேக்கப் என்று தம்பி கேட்டால் விடாதீர்கள். பிழையான பதிவும் அதே வேகத்தில் எல்லாப் பிரதிகளுக்கும் போய்ச் சேரும். ஒவ்வொரு இரவும் இரண்டு தளத்தையும் தனிக் கோப்பாக எடுத்து, சேவருக்கு வெளியே வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை அதில் இருந்து திரும்ப நிறுவியும் பார்க்க வேண்டும்.

காலபோக அறுவடையில் புதுசாக எதையும் தொடங்காதீர்கள். சிறுபோகத்தில் நெல் குறைவு, அப்போது மல்லாவியில் மட்டும் கொப்பியோடு சேர்த்து ஓடவிடுங்கள். அதற்கும் முதல், கடைசிப் பணத்தைக் கொடுக்காமல் தம்பியை ஆலைக்குக் கூப்பிட்டு, இரண்டு போன்களை விமானப் பயண நிலையில் போடச் சொல்லுங்கள். ஒரே விவசாயிக்கு ஒன்றில் நெல் ரசீது, மற்றதில் கடன் துண்டு எழுதுங்கள். ஒரு போனின் மணிக்கூட்டை ஒரு நாள் பின்னுக்கு வையுங்கள். இரண்டையும் லைனில் விட்டு, பாதியில் ஒன்றை அணைத்து, திரும்பப் போடுங்கள். நிலுவை சரியாக வந்து, இரண்டு ரசீதும் இரண்டாகவே இருந்தால் மிச்சப் பணத்தைக் கொடுக்கலாம். சேவரின் தலைமைக் கடவுச்சொல், இணையப் பெயரின் பதிவு, நிரலின் மூலக் கோப்பு மூன்றும் அன்றைக்கே ஆலையின் பெயருக்கு வந்திருக்க வேண்டும்.